நடுக்கால் குழி

கதவு சலாமின் கையை விட்டுப் போயிற்று.

"பிடி மலைச்சாமி! சங்கிலியப் பிடி!"

மரச் சட்டத்தில் தகரம் அறைந்த, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கான லாரி ஷெட்டுக் கதவு அது. காற்று அதை முறம் புடைப்பதுபோல் ஓர் உதறு உதறி, ஷெட்டின் கல்சுவரில் கொண்டுபோய் மோதியது. அடுத்த மோதலுக்கு அது திரும்பி வருவதற்குள் மலைச்சாமி தாவிச் சங்கிலியைப் பற்றிக்கொண்டான். கதவு நிற்கவில்லை. அவனையும் சேற்றோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

"சின்ன மொதலாளி, இது கதவா, ஜல்லிக்கட்டுக் காளையா?" என்று தரையில் கிடந்தபடியே கத்தினான் அந்த லாரி கிளீனர். "வாடிவாசல்ல விட்டா ஊர் வேட்டியெல்லாம் இதுக்குத்தான்!"

சிரிக்க நேரமில்லை. இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளிக் கதவை மூடினார்கள். சலாம் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு அண்ணாந்து மேல் கீலைப் பார்த்தான். திருகாணிகளில் பாதி வெளியே வந்து பல்லை இளித்துக்கொண்டிருந்தன.

காற்று இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இது வெறும் கட்டியம்.

கொடைக்கானலிலிருந்து இறங்கிய பஸ்ஸின் டிரைவர் சேனாதிபதி காலையிலேயே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அப்சர்வேட்டரிக்குத் தந்தி வந்திருக்காம் சலாமு. நாகப்பட்டினத்துப் பக்கம் புயல் கரையேறுதாம். பொழுது சாயறதுக்குள்ள நம்ம மலையில வந்து முட்டும்னு தொரை சொன்னாராம். நான் வத்தலக்குண்டுலயே வண்டியப் போட்டுட்டு உக்காந்துக்கிருவேன். நீ வெரசா ஷெட்டு சோலியப் பாரு."

சொல்லிவிட்டு அவர் உடனே கிளம்பவில்லை. இன்ஜினை உறுமவிட்டபடி வீட்டு வாசலைப் பார்த்தார். அங்கே சலாமின் தாயார் ஹமீதுன்னிசா நின்றிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் சேனாதிபதி தலையை அசைத்தார்.

"இன்னிக்கும் கண்ணுல படலம்மா. பாத்துக்கிட்டேதான் வர்றேன்."

பெருமாள்மலையைத் தாண்டிப் போகிற டிரைவர்கள் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது. மேலே ஏறுகிற வண்டியோ கீழே இறங்குகிற வண்டியோ, இப்ராம்சா ராவுத்தர் வீட்டு வாசலில் தானாக வேகம் குறையும். அந்த அம்மாள் கேட்பாள்: "என் புள்ள ஜலீல எங்கயாச்சும் பாத்தீகளா?" இல்லை என்றால் திட்டமாட்டாள், அழமாட்டாள். "நாளைக்குப் பாருங்க" என்று சொல்லி வழிவிடுவாள்.

போன கார்த்திகையில், இதே மாதிரி ஒரு நாளில்தான், வீட்டின் மூத்த மகன் ஜலீல் உருளைக்கிழங்கு பாரத்தோடு பெரிய லாரியை வத்தலக்குண்டுக்கு இறக்கினான். பாதி மலையில் ரோடு சரிந்தது. லாரி பள்ளத்தில் கிடைத்தது. ஜலீல் கிடைக்கவில்லை.

தகப்பனார் ராவுத்தர் தன்னந்தனியாகப் பள்ளம் பள்ளமாக இறங்கித் தேடினார். அப்படித் தேடப் போயிருந்த ஒரு நாள், பழநியிலிருந்து பஞ்சாமிர்தக் கடைப் பொன்னுவேல் மூச்சிரைக்க வந்து நின்றான். ஜலீலை அடிவாரத்துக் கூட்டத்தில் பார்த்தானாம். கூப்பிட்டானாம். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, அடையாளம் தெரியாதவன்போலப் போய்விட்டானாம்.

"அடிபட்டதுல புத்தி கொழம்பிப் போச்சு. ஆனா உசிரு இருக்கு! உசிரு இருக்குல்ல!" என்று ஹமீதுன்னிசா அன்றைக்கே பாயசம் காய்ச்சித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பிய ராவுத்தருக்கும் வாசலிலேயே ஊற்றினாள். அவர் நின்றபடியே குடித்தார். போய்ப் படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அலைச்சல் என்றார்கள்.

அதிலிருந்து இந்த வீடு காத்திருக்கிறது. வீட்டோடு சேர்ந்து இந்தக் கதவும்.

*

"நடுக்கால் இல்லாம இது நிக்காது" என்றான் சலாம்.

மலைச்சாமி சேற்றை வழித்துக்கொண்டே ஷெட்டின் மூலையைப் பார்த்தான். அங்கே, சுவரோரம் படுத்துக் கிடந்தது நடுக்கால். ஓர் இடத்திலும் உளுத்துப்போகாத தேக்கு. ஆனால் ஒரு வருஷத் தூசியில் அதன் நிறமே தெரியவில்லை.

இரட்டைக் கதவின் இரண்டு பலகைகளும் சந்திக்கிற இடத்தில், உள்பக்கம் தரையில் ஒரு குழி. குழியைச் சுற்றிக் கல் கட்டு, மேலே மூட ஓர் இரும்புத் தட்டு. மழைக்காலம் வந்தால் தட்டை எடுத்துவிட்டுக் குழியில் நடுக்காலை இறக்கி, மேல்நுனியை உத்திரத்துக் கொக்கியில் மாட்டி, இரண்டு கதவையும் சங்கிலியால் அதனோடு பிணைத்துவிடுவார்கள். காற்று உள்ளே தள்ளினாலும் நடுக்கால் தாங்கும், வெளியே இழுத்தாலும் நடுக்கால் பிடிக்கும். பிணைத்துவிட்டால் எந்த வண்டியும் வெளியே போக முடியாது. உள்ளே வரவும் முடியாது.

அதனால் மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே இந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு. ஓட்டப் போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பிய பிறகுதான் நடுக்கால் நட வேண்டும். அதையும் கடைசியாக வந்து சேர்ந்தவன்தான் நட வேண்டும். ஒருவன் வெளியில் இருக்கும்போது மற்றவர்கள் நட்டுவிட்டால், அவன் முகத்தில் வாசலை அடைத்ததுபோல.

போன கார்த்திகையில் ஜலீல் வரவில்லை. நடுக்கால் நடவில்லை. அன்று பொழுது சாய்கிற நேரம் காற்று கதவைப் பிளந்துகொண்டு உள்ளே நுழைந்து, போக வழியில்லாமல் கூரையைத் தூக்கியது. பாதித் தகரம் பறந்து எதிர்ச்சரிவுக் காப்பித் தோட்டத்தில் விழுந்தது. ஷெட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே கூரை. அந்தக் கூரைக்குக் கீழேதான் ஜலீலின் மகள் அமீருன்னிசாவின் தொட்டில்.

"இந்தத் தடவை பாதியோட விடாது" என்றான் மலைச்சாமி மெதுவாக. அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "ராவுத்தர்கிட்ட கேளுங்க சின்ன மொதலாளி. நீங்க கேட்டாத்தான் முடியும்."

*

இப்ராம்சா ராவுத்தர் ஷெட்டுக்குள்ளேயேதான் இருந்தார். சின்ன லாரிக்கு முன்னால், வழக்கமான இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வழக்கமான இடம் என்றால் இரும்புத் தட்டுக்கு மேலே. மகன் வந்து நட வேண்டிய குழியை அப்பா காவல் காக்கிறார் என்று சலாம் நினைத்துக்கொள்வான். அப்படி நினைக்கும்போதெல்லாம் ஒரு கோபம் வரும். இருக்கிற பிள்ளையின் பக்கம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கக்கூடாதா?

"அத்தா, எந்திரிங்க. குழியத் தொறக்கணும்."

"வேணாம்."

"கீலு பாதி வந்துருச்சு அத்தா. குறுக்குச் சட்டம் அடிச்சா மட்டும் பத்தாது."

"வண்டிய முன்னால எடுத்து முட்டுக் குடு."

"முட்டுக் குடுத்தா தள்ளுறதைத் தாங்கும். வெளிய இழுத்தா?"

ராவுத்தர் நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"அண்ணன் வரட்டும் அத்தா. நாளைக்கே வரட்டும். காலைப் புடுங்கிப் போட்டுட்டு நானே கதவத் தொறக்கிறேன். இப்ப உள்ள ஒரு புள்ளை கெடக்கு."

சலாம் குனிந்து தட்டின் விளிம்பில் கை வைத்தான்.

கிழவரின் கை அவன் மணிக்கட்டைக் கவ்வியது. அந்தப் பிடியில் இருந்த பலத்தை அவன் எதிர்பார்க்கவில்லை.

"குழியத் தொட்டே, கைய முறிச்சிருவேன்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அத்தாவுக்கு எதற்குப் பயம்? சலாமுக்கு விளங்கவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு வீட்டுப் பக்கம் போனான்.

*

அடுப்படியில் ஹமீதுன்னிசா புகைக்கு நடுவே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். காற்று அடித்தால் அடுப்பு எரியாது, இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சுட்டு வைக்க வேண்டும். அண்ணன் மனைவி பதுருன்னிசா மாவைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்களாச்சும் அத்தாகிட்ட சொல்லுங்க. காலு நடணும்."

ஹமீதுன்னிசாவின் கையில் ரொட்டி நின்றது.

"ஏலே, உனக்கு என்ன அம்புட்டு அவசரம்? உன் அண்ணன் வளைவுகிட்ட வந்துக்கிட்டிருந்தா என்னடா செய்வான்? ஹாரன் அடிச்சிட்டு மழையில நிப்பானா?"

"அம்மா, காத்து..."

"காத்து அடிக்கட்டும். தகரம் போனா தகரம் வாங்கலாம். இந்தா, உன் மதினியப் பாரு. அவ வச்ச நேர்ச்சைக்காகவாச்சும் அல்லா அவனக் கொண்டாந்து விடுவான். நீ குறுக்க வராதே."

நேர்ச்சை! அதைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவால் ஒரு பொழுது இருக்க முடியாது. வருகிற போகிற டிரைவர்களுக்கெல்லாம்கூடச் சொல்லியிருந்தாள். புருஷன் நல்லபடி திரும்ப வேண்டும் என்று மருமகள் பங்குனி மாதம் ஒரு நேர்ச்சை வைத்தாள். வாசற்படி தாண்டமாட்டேன், தலையில் பூ வைக்கமாட்டேன், நல்ல சேலை உடுத்தமாட்டேன் என்றாள். ஆடி வரைக்கும் அப்படியே இருந்தாள். பக்கத்து எஸ்டேட் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ரோடு சரிந்த புதிதில் வத்தலக்குண்டுச் சொந்தக்காரப் பெண்கள் வந்து, "புருஷன் மவுத்தானவ நாலு மாசம் பத்து நாள் உள்ள இருக்கணும்மா, இவள இத்தாவுக்கு உக்கார வைங்க" என்று கிசுகிசுத்தபோது, "யாரு செத்தா?" என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டவள் அல்லவா பதுருன்னிசா! இத்தாவுக்கு உட்காரமாட்டேன் என்றவள், புருஷன் வர வேண்டும் என்று உட்கார்ந்தாள். ஊரே மெச்சியது.

சலாம் அவளைப் பார்த்தான். அவள் மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, நீங்க சொல்லுங்க. நீங்க சரின்னா அத்தா கேப்பாங்க."

சலாம் மறுப்பை எதிர்பார்த்து நின்றான். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் என்னத்த சொல்றது தம்பி? குழிய மாமா தொறக்கட்டும். அவுக கையால அவுகளே தொறக்கட்டும். அப்புறம் நடுங்க."

"அவரு தொறக்கமாட்டேங்கிறாரே!"

"அப்ப இருக்கட்டும்" என்றாள்.

"பாத்தியாடா?" என்றாள் அம்மா வெற்றியோடு.

சலாம் வெளியேறினான். மூன்று பேரும் மூன்று விதமாக அந்தக் குழியின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். புயலிடம் போய் யார் சொல்வது, இந்த வீட்டில் ஒருவன் பாக்கி இருக்கிறான், கொஞ்சம் பொறு என்று?

*

மத்தியானத்துக்கு மேல் மலை இருண்டது. எதிர்ச்சரிவில் மரங்கள் ஒரே பக்கமாகப் படுத்தன. பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த மேகம் ரோட்டைத் தாண்டி, ஷெட்டு வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தது.

சலாம் தன்னால் முடிந்ததையெல்லாம் செய்தான். கீலில் புதுத் திருகாணி ஏற்றினான். கதவு இரண்டுக்கும் குறுக்கே இரண்டு சட்டம் அறைந்தான். வடக்கயிற்றைக் கதவு வளையத்தில் கோத்து உள்ளே லாரியின் அச்சோடு இழுத்துக் கட்டினான். மலைச்சாமி சக்கரங்களுக்குக் கல் வைத்தான்.

"எதுக்கும் வண்டிக்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க" என்றான். "கதவு போறப்ப நீயும் கூடப் போயிறாதப்பான்னு."

முதல் அடி விழுந்தது.

கதவு உள்ளே வயிறு தள்ளியது. சட்டம் முனகியது. தாங்கியது. சலாம் மூச்சு விட்டான். அடுத்த கணமே காற்று திசை மாறி வெளியே இழுத்தது. வடக்கயிறு விறைத்தது. லாரி தன் கற்களோடு ஒரு சாண் நகர்ந்தது; அச்சில் முடிச்சு இளக, சலாம் தாவிக் கயிற்றைப் பற்றினான். குறுக்குச் சட்டத்தில் ஒன்று நடுவில் முறிந்து சலாமின் காதோரம் பறந்தது.

கதவுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்த இடைவெளியில் நுழைந்த காற்று ஷெட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே போயிற்று.

தலைக்கு மேலே தகரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தன. வீட்டுப் பக்கமிருந்து பட்டென்று ஆணி தெறிக்கும் சத்தம். உடனே குழந்தையின் அலறல்.

"யா அல்லா! கூரை எந்திரிக்குது!" என்று ஹமீதுன்னிசா கத்தினாள்.

சலாம் கயிற்றை விட முடியவில்லை. விட்டால் கதவு போய்விடும். இரண்டு காலையும் லாரியின் பம்பரில் உதைத்துக்கொண்டு தொங்கினான்.

"மலைச்சாமி! உள்ள ஓடு! தொட்டில நகத்து! அம்மாவக் கட்டிலுக்கு அடியில போகச் சொல்லு!"

மலைச்சாமி ஓடினான். அவன் போன வாசலில் பதுருன்னிசா வந்து நின்றாள். முக்காடு விலகி, முகமெல்லாம் மழைச்சாரல். அவள் சலாமைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள்.

"மாமா, தொட்டிலுக்கு மேல வானம் தெரியுது."

அவ்வளவுதான் சொன்னாள்.

ராவுத்தர் எழுந்தார். தானே நாற்காலியை எடுத்து எறிந்தார்.

"நீ போ தாயி. புள்ளையப் பாரு. சலாமு, நீயும் போ. குழிய நான் பாத்துக்கிறேன்."

"கயித்த யாரு பிடிக்கிறது அத்தா?"

கிழவர் ஒரு கணம் தவித்தார். மருமகள் அசையவில்லை. மகன் அசைய முடியாது. காற்று மறுபடி தம் கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி மண்டியிட்டார். இரும்புத் தட்டைப் புரட்டினார். தட்டு கல்லில் விழுந்த சத்தம் ஷெட்டெல்லாம் கேட்டது.

தோள்வரை கையை உள்ளே விட்டார்.

துழாவினார். கை கறுப்புச் சேற்றோடு வெளியே வந்தது. விரல்களை விரித்துப் பார்த்தார். மறுபடி விட்டார். இந்தத் தடவை கன்னம் தரையில் படிகிற அளவுக்குச் சாய்ந்து, குழியின் மூலை மூலையாகச் சுரண்டினார். அவர் மூச்சு விசும்பல்போலக் கேட்டது.

"அத்தா, என்ன தேடுறீங்க?"

"இங்கதான்... இங்கதான வச்சேன்..."

அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"அங்க இல்ல மாமா" என்றாள் பதுருன்னிசா.

ராவுத்தரின் கை குழிக்குள்ளேயே நின்றுவிட்டது.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். சின்ன வெள்ளித் தாயத்து. அதில் கறுப்புக் கயிறு.

சலாமுக்கு அந்தத் தாயத்தைத் தெரியும். ஜலீல் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் பிழைத்ததற்கு அம்மா கட்டியது. அவன் வளர வளரக் கயிறுதான் மாறியது, தாயத்து மாறவில்லை. வலது புஜத்தில், சதையோடு சதையாக. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டான். கழற்றவும் முடியாது, முடிச்சு அப்படி.

இந்தக் கயிற்றில் முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் கத்தியால் அறுத்திருந்தார்கள்.

உயிரோடு இருக்கிறவன் கையிலிருந்து அதை யாரும் அறுக்கமாட்டார்கள். இறந்தவனின் மய்யித்தைக் குளிப்பாட்டும்போதுதான் அறுப்பார்கள். அதை யாரும் சலாமுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கதவின் வடக்கயிறு அவன் கைகளில் எரிந்தது. அவன் அதை விடவில்லை. விட்டால் கூரை போய்விடும் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் அவனுக்கு நினைவிருந்தது.

"எப்ப எடுத்தே தாயி?" ராவுத்தரின் குரல் தரையிலிருந்து வந்தது.

"பங்குனியில. ஒரு கோடை மழை பேஞ்சுச்சுல்ல மாமா, நீங்க ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தீங்க. குழியில தண்ணி நின்னா பாசி பிடிச்சிரும், அவுக வந்து காலு நடுறப்ப வழுக்கிரும்னு தொடைக்கப் போனேன்."

கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த வீட்டில் ஜலீல் வராமல் யாரும் திறக்காத இடம் அது ஒன்றுதான் என்று நம்பி ஒளித்தார். அவன் வருவான் என்று நம்பியவளே திறந்துவிட்டாள்.

"சொல்லத்தான் வந்தேன்" என்றார். "பள்ளத்துல, ஓடையோரம் கெடந்தான். கரிமூட்டம் போடுறவுக ரெண்டு பேரு கை குடுத்தாக. குளிப்பாட்டி, தொழுது, அடக்கிட்டுத்தான் மேல ஏறினேன். வர்ற வழியெல்லாம் எப்படிச் சொல்லணும்னு வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். வாசல்ல உங்க மாமி கிண்ணத்தோட நிக்கிறா. 'வாயத் தொறங்க, உங்க மகன் உசிரோட இருக்கான்'ங்கிறா. சொல்லணும்னுதான் தாயி வாயத் தொறந்தேன். பாயசத்த ஊத்திட்டா."

சலாமுக்கு அந்தக் கிண்ணம் கண்ணில் வந்து நின்றது. அத்தா நின்றபடியே குடித்தது, உதட்டில் ஒட்டிய ஜவ்வரிசியைத் துடைக்காமலே உள்ளே போனது. அலைச்சல் என்று சொன்னவர்களில் அவனும் ஒருவன்.

"அண்ணன எங்க வச்சீங்க அத்தா?"

ராவுத்தர் தலையைத் தூக்கினார். அவர் வாய் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஹமீதுன்னிசாவின் குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"ஏலே சலாமு! அங்க என்னடா இரும்புச் சத்தம்? காலு நடுறீங்களா? என் புள்ள வராம நடுறீங்களாடா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 

கதவு மறுபடி வயிறு தள்ளியது. மிச்சமிருந்த சட்டத்தில் விரிசல் ஓடியது.

முதலில் அசைந்தவள் பதுருன்னிசாதான். தாயத்தை முந்தானையில் முடிந்தாள். சுவரோரம் போய் நடுக்காலின் ஒரு நுனியைத் தூக்கினாள். தேக்கு, அவள் கனத்துக்கு மேலிருக்கும். தூசிக்குள் இழுத்துக்கொண்டே வந்து குழியின் விளிம்பில் சாய்த்தாள்.

"எந்திரிங்க மாமா."

"நானா? நான் நடக்கூடாது தாயி. கடைசியா வந்தவன்தான்..."

"கடைசியா வீட்டுக்கு வந்தது நீங்கதான மாமா" என்றாள் அவள். "அவுகளக் கொண்டுபோய்ச் சேத்துட்டு வந்தது நீங்கதான. நீங்களே நடுங்க."

ராவுத்தர் எழுந்தார். நடுக்காலைக் கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்தவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தூக்கினார். கால் குழிக்குள் இறங்கியது. அடிக்கல்லில் உட்கார்ந்த சத்தம் பாதத்தில் உறைத்தது. சலாம் கயிற்றை முன்கையில் சுற்றிக்கொண்டு, தோளால் நடுக்காலைத் தள்ளி மேல்நுனியை உத்திரக் கொக்கியில் மாட்டினான். பதுருன்னிசா சங்கிலியைச் சுற்றினாள்.

காற்று வந்து அடித்தது. தள்ளியது. திரும்பி இழுத்தது. கதவு நடுங்கியது, ஆனால் நகரவில்லை. தலைக்கு மேலே தகரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

சலாம் கயிற்றை விட்டான். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. முகத்தை மறைக்கக் கை தூக்க முடியவில்லை. அப்படியே நின்று அழுதான்.

"பங்குனியிலேருந்தா மதினி?" என்றான். "அம்புட்டு நாளாவா தெரிஞ்சு வச்சிருந்தீங்க? ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பாக்கலியே. அம்மாகூட நேர்ச்சை நேர்ச்சைன்னு... அண்ணன் வரணும்னுல்ல பங்குனியிலேருந்து ஆடி மட்டும் படி தாண்டாம கெடந்தீங்க!"

பதுருன்னிசா விலகிய முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அங்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"அது நேர்ச்சை இல்ல தம்பி. இத்தா."